மஞ்சள் நாடா

கம்ப்ரஸர் ஓடவில்லை. அதன் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அப்படியிருந்தும் பேய் பங்களாவுக்குள் எங்கோ காற்று ஒழுகும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்த மெக்கானிக் அங்கேயே நின்று காது கொடுத்தாள். பொம்மைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களில் எது விரிசல் விட்டாலும் சத்தத்தை வைத்தே எந்த அறை, எந்தப் பொம்மை, எந்தக் கை என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்தச் சத்தம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. குழாய் ஒழுகினால் காற்று வெளியே போகும், போய்க்கொண்டே இருக்கும். இது போனது. கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

பூங்காவுக்கு அன்று வார விடுமுறை. வெளியே உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ராட்டினங்கள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றன. பேய் பங்களாவுக்கு மட்டும் பகல் என்பதே கிடையாது. ஜன்னல் இல்லாத பெரிய கொட்டகை அது. உள்ளே தண்டவாளம் வளைந்து வளைந்து அறை அறையாகப் போகும்; அதில் சின்ன வண்டிகளில் உட்கார்ந்து சனங்கள் அலறிக்கொண்டே போவார்கள். கடைசி அறையில் ஒரு பேய்க் குடும்பம் விருந்து சாப்பிடும். அதோடு ஆட்டம் முடியும்.

விடுமுறை நாளில் அவள் இங்கே வந்ததற்குக் காரணம் தம்பி. காலையில் தம்பி மனைவி போன் செய்திருந்தாள்.

"அக்கா, உங்க தம்பி அங்கே இருக்காரா?"

"இல்லையே. நேத்து ஆட்டம் முடிஞ்சதும் வீட்டுக்குத்தானே கிளம்பியிருப்பான்?"

"வரவே இல்ல. வேலை இருந்தா பங்களாவிலேயே படுத்துடுவாரேன்னு நானும் விட்டுட்டேன். இன்னைக்கு நாங்க வீடு மாத்துறோம்க்கா. வண்டி வந்து வாசல்ல நிக்குது. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கிறார்."

"பீரோவைத் தூக்கணுமேன்னு எங்கேயாவது பதுங்கியிருப்பான். நான் போய் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன். நீ பாட்டுக்குச் சாமானைக் கட்டு."

சொன்னது விளையாட்டாகத்தான். தம்பி பேய் பங்களாவின் எலக்ட்ரீஷியன். வயரைப் பிடித்தால் கெட்டிக்காரன். மற்ற நேரத்தில் சுத்தத் தூங்குமூஞ்சி. ஏணியில் உட்கார்ந்து தூங்குவான், வண்டியில் கால் நீட்டித் தூங்குவான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது அவள்தான். பள்ளிக்கூடத்துக்கு எழுப்பி அனுப்புவதற்குள் பிராணன் போய்விடும். அவனுக்கு ஒன்று என்றால் அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் மிச்சம் இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும்கூட.

"டேய்!" என்று கூப்பிட்டாள். குரல் தண்டவாளத்தோடு உள்ளே போய் எங்கோ அமுங்கியது.

காற்றுச் சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். திரும்ப ஆரம்பித்தது.

உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. பொம்மைகளின் ரப்பர் தோல் உருகாமல் இருக்க ஏசியை நிறுத்துவதே இல்லை. கைப்பையில் விருந்து அறை அம்மா பொம்மையின் நீளக் கோட்டு இருந்தது. அம்மாவுக்குக் கழுத்து கியரில் எண்ணெய் ஒழுகிக் கோட்டெல்லாம் கறை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து எடுத்து வந்திருந்தாள். கையில் சுமப்பதற்குப் பதில் மேலே போட்டுக்கொள்ளலாமே என்று மாட்டிக்கொண்டாள். சோப்பு வாசனை அடித்தது. அதையும் மீறி, எத்தனை துவைத்தாலும் போகாத அந்த ரப்பர் வாடை லேசாக அடித்தது. கழுத்துவரை பித்தானைப் போட்டுக்கொண்டு டார்ச்சை அடித்தாள்.

வெளிச்சம் முதலில் சார்ஜ் போடும் மூலையில் விழுந்தது. அங்கே மாப்பிள்ளையைக் காணோம்.

மாப்பிள்ளை என்பது வேலைக்கார ரோபோ. அது வந்து இறங்கிய நாளில் தம்பி வைத்த பெயர். பிளாஸ்டிக் உறையில் பளபளவென்று வந்து இறங்கியது, எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள், மேனேஜர் இதற்கு மட்டும் தனி மின்விசிறி போட்டுக்கொடுத்தார். "புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்குது பாருக்கா, இனிமே நாமதான் விழுந்து விழுந்து கவனிக்கணும்" என்றான் தம்பி. பெயர் ஒட்டிக்கொண்டது. விடுமுறை நாளில் அது வேலையை முடித்துவிட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வேலை முடியாவிட்டால்தான் உட்காராது.

பொம்மைகள் மேல் அவளுக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. பார்க்கத்தான் கோரம். கோரைப்பல், பிதுங்கிய கண், பச்சை முகம். ஆனால் அவை தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. காற்று வந்தால் கை தூக்கும், காற்று போனால் இறக்கும். எதிரில் ஆயிரம் பேர் இருந்தாலும் அதே சிரிப்பு, யாரும் இல்லாவிட்டாலும் அதே சிரிப்பு. அந்தக் கண்கள் எதையும் பார்ப்பதில்லை. அது அவளுக்கு ஒரு நிம்மதி.

மாப்பிள்ளை பார்க்கும். ரோபோவைக் கொண்டுவந்த இன்ஜினியர் பெருமையாகத்தான் சொன்னார். "உங்க பொம்மைக்கு நேரம் மட்டும்தான் தெரியும், உங்களைத் தெரியாது. இதுக்கு நீங்க என்ன செய்யறீங்க, எதுக்காகச் செய்யறீங்கன்னு ரெண்டும் புரியும். கூடவே வெச்சுக்கிட்டு வேலையைச் செஞ்சு காட்டுங்க, போதும்."

செய்து காட்டினாள். ஆடுகிற பொம்மையை எப்படி மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது, தரைப் போல்ட்டை எப்படிக் குறுக்குக் குறுக்காக இறுக்குவது, கரகரக்கும் பேச்சுப்பெட்டியைத் தொண்டையிலிருந்து எப்படிக் கழற்றுவது, கழற்றியதை வெள்ளைத் துணியில் எப்படி வரிசையாக வைப்பது. எண்ணெய் ஒழுகினால் துடைத்தால் போதாது, எங்கிருந்து ஒழுகுகிறது என்று திறந்து பார்க்க வேண்டும். புதிதாகக் கொண்டுவந்து வைத்த பொம்மையை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் இறுக்க வேண்டும். எல்லாம் அது ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. சொல்லிக் கொடுத்ததை மறக்காத பிள்ளை யாருக்குத்தான் பிடிக்காது? அவளுக்கும் பிடித்தது.

இரண்டே சிக்கல்கள் வந்தன. விருந்து அறை ஒலிநாடாவில் அப்பா பொம்மை, "வேலைக்காரா! எங்கே போய்த் தொலைஞ்சே? இங்கே வா!" என்று கத்தும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மாப்பிள்ளை விழுந்தடித்து ஓடிப்போய் அப்பாவின் முன்னால் கைகட்டி நின்றது. வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தம்பி தரையில் உருண்டு சிரித்தான். அன்றைக்கே இன்ஜினியரிடம் சொல்லி, யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாதபடி செய்துவிட்டார்கள்.

இரண்டாவது சிக்கல், அது மனிதர்களைத் தொடாது. முகமும் அசைவும் இருந்தால் மனிதன் என்று எடுத்துக்கொண்டு விலகி நிற்கும். இங்கே பொம்மைகளுக்கு முகமும் உண்டு, அசைவும் உண்டு. முதல் வாரம் முழுவதும் அது பேய்களுக்கு வழி விட்டு, வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றது. அப்போது மெக்கானிக்குக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. ஒவ்வொரு பொம்மை உடுப்பின் கைமுனையிலும் மஞ்சள் நாடா தைத்துவிட்டாள். மஞ்சள் நாடா இருந்தால் பொம்மை. இல்லாவிட்டால் மனிதன்.

"அந்த நாடா மனுஷங்க மேல வந்துடாம பாத்துக்கோங்க" என்றார் இன்ஜினியர்.

"நாங்க என்ன சார், பேய்ச் சட்டையைப் போட்டுக்கிட்டா திரியப்போறோம்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பியின் எண்ணுக்குப் போன் போட்டாள். உள்ளே, வெகு உள்ளே, அவனுடைய போன் மணி அடித்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. உடனே கோபமும் வந்தது. நாலாவது மணி பாதியில் அறுந்தது.

"கட் பண்றியா? இரு, வரேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கி நடந்தாள்.

மாடிப்படி அறையில் தொங்கும் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நாடா டார்ச் வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னியது. சமையலறைப் பேய் கத்தியை ஓங்கியபடி உறைந்திருந்தது. தூசி படிந்த விளக்குகளின் கருகல் வாசனை, ஈரச் சிமெண்டின் வாசனை, எண்ணெய் வாசனை. இதெல்லாம் தினமும் மூக்கில் ஏறுவதுதான். இன்று இதற்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. துருப்பிடித்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருமே, அந்த மாதிரி. ஏசி எங்காவது ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நடையை மட்டும் ஏனோ அவள் குறைத்துக்கொண்டாள்.

அப்போது குரல் கேட்டது.

"மூடுற நேரம் ஆயிடுச்சு. தயவுசெஞ்சு வெளியே வாங்க."

மாப்பிள்ளையின் குரல். கடைக்காரர் மாதிரி மரியாதையான, அவசரமே இல்லாத குரல். விருந்து அறையிலிருந்து வந்தது.

மெக்கானிக் சுவரில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. மாப்பிள்ளை இதைப் பொம்மையிடம் சொல்லாது. மனிதன் உள்ளே தங்கிவிட்டால்தான் சொல்லும். விருந்து அறையில் மனிதன் ஒருவன் இருக்கிறான். வேறு யார், தூங்குமூஞ்சிதான். மேசைக்கு அடியில் சுருண்டு கிடப்பான். இது பக்கத்தில் நின்று விடிய விடிய எழுப்பிக்கொண்டிருக்கிறது, பாவம்.

"இன்னும் ரெண்டு தடவை சொல்லு மாப்பிள்ளை, எந்திரிச்சுடுவான்" என்று சொல்லிக்கொண்டே கடைசித் திரையை விலக்கினாள்.

டார்ச் வெளிச்சம் மேசையின் மேல் ஓடியது. தாத்தா பொம்மை இருந்தது. இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். சித்தப்பா இருந்தார். நீளப் பெஞ்சின் நடுவில் அம்மா, கோட்டு இல்லாமல், வெறும் இரும்புக் கூடாக, முகம் மட்டும் ரப்பராக உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் ஓரத்தில் அப்பா. எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை இந்தப் பக்கம் முதுகைக் காட்டி, அம்மா பொம்மையின் முன்னால் லேசாகக் குனிந்து நின்றது.

"மூடுற நேரம் ஆயிடுச்சு" என்றது, இரும்புக் கூட்டைப் பார்த்து. "தயவுசெஞ்சு வெளியே வாங்க."

அம்மாவிடம் கோட்டு இல்லை. கோட்டு இல்லாததால் நாடா இல்லை. அதற்கு அம்மாதான் மனிதன். இவ்வளவு நேரமும் அது அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறது.

அப்படியென்றால் தம்பி?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா பொம்மை இங்கே இருக்க முடியாது. நேற்றுச் சாயங்காலம் அவளே உடுப்பை உருவி வைத்துவிட்டு அதைக் கழற்றி வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனாள். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக அது அங்கே மேசைமேல் கிடக்கிறது. அதன் காற்றுக் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனாள். போகிற வழியில் தம்பி போன் செய்தான். அப்பா இடம் காலியாக இருந்தால் சனங்கள் முணுமுணுப்பார்கள் என்று மேனேஜர் குதிக்கிறாராம். "நான் போட்டுக்கிட்டு உக்காந்துடறேங்க்கா, பழைய மாதிரி." முன்பெல்லாம் பொம்மை பழுதானால் அதுதான் வழக்கம். உடுப்பை மாட்டி, முகமூடியைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்வான். வண்டி பக்கத்தில் வந்ததும் திடீரென்று எழுந்து நிற்பான். அந்த அலறலைக் கேட்பதற்காகவே அவனுக்கு அந்த வேலை பிடிக்கும். மாப்பிள்ளை வந்த பிறகு அதற்குத் தேவையே வரவில்லை. எல்லாரும் மறந்துபோனார்கள்.

"சரி, ஆனா தூங்கிடாதே" என்று சொன்னாள். நாடாவைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆணியைப் பார்த்தாள். குழாய் அங்கே இல்லை.

டார்ச் தானாகக் கீழே இறங்கியது. அப்பாவின் காலடி. நாலு போல்ட்டும் குறுக்குக் குறுக்காக, அவள் சொல்லிக்கொடுத்தது போலவே, அத்தனை நேர்த்தியாக இறுக்கப்பட்டிருந்தன. பொம்மைக்குக் காலடியில் இரும்புத் தகடு இருக்கும். போல்ட் அதில்தான் போக வேண்டும். இங்கே தகடு இல்லை. தம்பியின் செருப்பு இருந்தது. போல்ட் செருப்பின் மேலிருந்து தரைக்குப் போயிருந்தது.

மேசை ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. தம்பியின் போன் அதன்மேல் முதுகு திறந்து கிடந்தது. பேட்டரி தனியாக, திருகாணிகள் தனியாக, வரிசையாக. பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. இந்தப் பங்களாவில் இருக்கிற எல்லாப் பொம்மைகளின் எல்லாப் பாகங்களும் அவளுக்குத் தெரியும். அது எந்தப் பொம்மையின் பாகமும் இல்லை. அதற்கு அடியில் துணி ஈரமாக இருந்தது. அவள் வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டாள்.

அப்பாவின் ரப்பர் முகமூடி லேசாக உள்ளே ஒட்டியது. லேசாக உப்பியது. காற்று போனது. நின்றது. திரும்பி வந்தது.

உயிரோடு இருக்கிறான்.

மாப்பிள்ளையின் முதுகில், தோள்களுக்கு நடுவில், சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் நின்றுவிடும். ஓர் எட்டு வைத்தால் கைக்கு எட்டும். அவள் எட்டு வைத்தாள். ஆனால் விரல்கள் எப்போதோ மரத்துப்போயிருந்தன. டார்ச் நழுவித் தண்டவாளத்தில் விழுந்து உருண்டது.

மாப்பிள்ளை திரும்பியது.

அதன் நெற்றி விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. அவள் பயப்படவில்லை, முதலில். மனிதனைத் தொடாது. விலகும். வணக்கம் சொல்லும். விளக்கு முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. கோட்டில் இறங்கியது. கைமுனையில் நின்றது.

மஞ்சள் நாடா.

"நில்லு! நான்தான்! நில்லு!"

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. அதற்குக் காது கிடையாது. அவள் கேட்டுத்தான் அடைத்தார்கள்.

அது வந்து மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கவில்லை. கீழே இரண்டு விரல், மேலே கட்டைவிரல். காற்று இல்லாமல் ஆடுகிற பொம்மையை அவள் எப்படிப் பிடித்துக் காட்டினாளோ அப்படியே. இன்னொரு கை இடுப்புப் பையில் எதையோ தேடியது. அவளுடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கும்வரை விடாது. மூச்சை அடக்கினாள். பல்லைக் கடித்தாள். நடுக்கத்தைத் தோளுக்கு இழுத்தாள், வயிற்றுக்கு இழுத்தாள், எங்கேயோ போட்டு அமுக்கினாள்.

கை நின்றது. விரல்கள் விட்டன.

அது பெஞ்சைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. இடம் மாறி நிற்கும் பொம்மை. தூக்கிக்கொண்டுபோய் வைப்பதற்குள் அவளே போனாள். மெதுவாக, ஒரே சீராக. அப்பாவுக்கும் இரும்பு அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். காலைச் சேர்த்து வைத்தாள். மாப்பிள்ளை போல்ட் பெட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தது. திறந்து வைத்தது.

மேசைக்கு அடியில் ஏதோ அவள் சுண்டுவிரலைத் தொட்டது. தம்பியின் விரல். சூடாக இருந்தது. ஒரு தடவை அழுத்தியது. அவளும் அழுத்தினாள். அசையாதேடா, கண்ணா, அசையாதே. நான் இருக்கேன்.

முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை சுவரோரம் போய், கண்ணை மேசையிலிருந்து எடுக்காமலே, சுவிட்சைப் போட்டது.

தூரத்தில் கம்ப்ரஸர் இருமிக்கொண்டு கிளம்பியது. தரை அதிர்ந்தது. குழாய்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. தாத்தா கழுத்தைத் திருப்பினார், பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

"வாங்க, உக்காருங்க" என்றது ஒலிநாடா. "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

காற்று வந்த பிறகு அசையாத பொம்மை பழுது.

அம்மா என்ன செய்வாள் என்பது அவளுக்கு மனப்பாடம். வலப்பக்கம் திரும்புவாள். கோப்பையை உயர்த்துவாள். சிரிப்பாள். இடது கையால் வலது கைமுனையை நீவிவிட்டுக்கொள்வாள். அவள் திரும்பினாள். உயர்த்தினாள். வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தாள். பக்கத்தில் இரும்பு அம்மாவும் அதே நேரத்தில் திரும்பி, உயர்த்தி, சிரித்தாள். இடது கை வலது கைமுனைக்குப் போனது. அங்கேதான் நாடா இருந்தது. நகத்தால் தையலைப் பிடித்து இழுத்தாள். ஒரு நூல் அறுந்தது. பிய்ந்துவிடக் கூடாது என்று இரட்டை நூலில் தைத்தவள் அவளேதான். பரவாயில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு நூல். நாடா விழுந்துவிட்டால் அவள் மனுஷி. எழுந்து நிற்கலாம். சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். தம்பியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வாசலில் வண்டி நிற்கிறது.

"தயவுசெஞ்சு வெளியே வாங்க" என்றது மாப்பிள்ளை, இரும்பு அம்மாவிடம்.

பிறகு அப்பாவைப் பார்த்தது. எல்லாரும் உயர்த்தினார்கள். அப்பா உயர்த்தவில்லை.

அது வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தது. அப்பாவின் சட்டைக் கையை மடித்துவிட்டது. உள்ளே, ஆணியில் இருக்க வேண்டிய குழாய். அது எங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. அம்மா அந்தப் பக்கம் திரும்ப இன்னும் நேரம் இருந்தது. கிளிப் ஒன்று இறுகும் சத்தம் மட்டும் கேட்டது. சுண்டுவிரலில் இருந்த விரல் விறைத்தது. விலகிப்போனது.

அடுத்த சுற்று.

"வாங்க, உக்காருங்க."

திரும்பினாள். உயர்த்தினாள். சிரித்தாள். கைமுனைக்குப் போனாள். இன்னொரு நூல். நாடா பாதி தொங்கியது. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

ஸ்ஸ் என்று காற்றுச் சத்தம் கேட்டது.

தம்பியின் கை உயர்ந்தது. மற்றவர்களோடு சேர்ந்து, பிசகாமல், கோப்பையோடு. முழங்கை எந்தப் பக்கம் மடங்க வேண்டுமோ அந்தப் பக்கம் மடங்கவில்லை. ஆனால் உயர்ந்தது. முகமூடி ஓட்டைக்குள் அவன் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் பாதி விழித்துப் பார்ப்பானே, அதே கண்.

அவள் அழவில்லை. முகத்தை அசைக்கவே இல்லை. ஆனாலும் ஏதோ சூடாகக் கன்னத்தில் இறங்கியது. அதை அடக்க அவளுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் விளக்கு அந்த ஈரத் தடத்தின்மேல் வந்து நின்றது.

அது மடித்த துணியை எடுத்தது. தாடையைப் பிடித்து மெதுவாகத் துடைத்தது. மிக மெதுவாக, அவள் பொம்மைகளைத் துடைப்பது போலவே. அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் இன்னொரு துளி இறங்கியது.

மாப்பிள்ளை துணியைப் பார்த்தது. ஈரத்தைப் பார்த்தது. துணியை நாலாக மடித்து, மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்தது. இடுப்புப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. விளக்கை அவள் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடத் தொடங்கியது.

"வாங்க, உக்காருங்க" என்றது ஒலிநாடா. "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

மேசையைச் சுற்றி எல்லாரும் கோப்பையை உயர்த்தினார்கள். தம்பியும் உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள்.